குழாய் எண் நான்கு

இட்டமொழித் தேரியில் பதினோரு அடிக் குழி.
ஒரு பக்கச் சுவரைக் கரண்டியால் வழித்துச் சமன் செய்தோம்.
மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு.
ஈரத்தில் வத்தல், காய்ந்தால் செங்கல் என்றாள் ஜெபக்கனி,
வண்ண அட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தபடி.
அட்டையில் இருந்த எண்ணை மட்டும் எழுதிக்கொண்டேன்.
அவள் சொன்னதையும் எழுதியிருக்கலாம்.

ராஜகனி சம்மட்டியை ஓங்கினான்.
இரும்புக் குழாய் ஒவ்வோர் அடிக்கும் அரை விரல் நுழைந்தது.
ஒவ்வோர் அடிக்கும் மேலேயிருந்து ஒரு பிடி மணல்
அவன் சட்டைக்குள் இறங்கியது.
ஏழு குழாய்கள். இரு முனையிலும் மூடி,
மூடிமேல் கறுப்பு பாலிதீன், அதன்மேல் ஒட்டுநாடா,
அதன்மேல் என் கையெழுத்து.

வகுப்பில் இதற்கு முக்கால் மணிநேரம் ஆகும்.
பறக்கிற மணலுக்கு வயதில்லை,
வெயில் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது.
புதைந்த அன்றுதான் கணக்கு தொடங்கும்.
சுற்றியிருக்கும் மண்ணின் கதிர்வீச்சை
ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியும்
மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறவள் மாதிரி
இருட்டில் சேர்த்துவரும்.
ஆய்வகத்தில் சிவப்பு விளக்கடியில் பிரித்து
கொஞ்சம் ஒளி காட்டினால்
சேர்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.
"திரும்பக் கேட்டா மிஸ்?"
ஆண்டுதோறும் ஒரு பிள்ளை கேட்கும்.
திரும்பக் கேட்டால், எனக்கொன்றும் தெரியாது என்றுவிடும்.

திசையன்விளை தாண்டிச் சோதனைச் சாவடி.
"மணலா?"
"மணல்தான்."
பதிவாளர் முத்திரை சரியாக இருந்தது.
கனிமவளத் துறைக் கடிதமும் சரி,
தேதி மட்டும் வெள்ளியோடு முடிந்திருந்தது.
மழையால் ஒரு நாள் தள்ளிப்போனோம் என்றேன்.
"கார்னெட் கடத்துதவனும் பேப்பரோடதான் வாரான் மேடம்.
ஒண்ணைத் திறந்து காட்டுங்க."
வெளிச்சம் பட்டால் வயது போய்விடும் என்றேன்.
"வெளிச்சம் பட்டா கெட்டுப்போவ இது என்ன, பிலிம் ரோலா?"

அதேதான்.
பதினேழு வருஷம் பாடம் நடத்தி
இந்த உவமை எனக்குத் தோன்றவில்லை.
ஏட்டுக்குப் புரிந்துவிட்டது.
புரிந்துகொண்டுதான் மறுபடி சொன்னார்,
"மேல கேட்டா நான் பதில் சொல்லணும்லா."

எதைக் கொடுப்பது?
ஏழாவதைக் கொடுக்க முடியாது,
சுண்ணாம்புப் பாறைமேல் முதல் சிவப்பு விழுந்த இடம் அது.
முதலாவது, பனைவேர் ஓடிய அடுக்கு.
ஜெபக்கனி என் காதருகே வந்தாள்:
"நாலைக் குடுங்க மிஸ்.
மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல கோடு போட்டுக்கிடலாம்."

ஜீப்பின் முகப்பில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினோம்.
பன்னிரண்டு மணி வெயில்.
எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம்.
புகையவில்லை. சத்தமில்லை.
ஜவுளிக்கடை விளம்பரத்தின்மேல் ஒரு படி மணல்.
கடல் எவ்வளவு தள்ளி நின்றபோது
எந்தக் காற்று இதைத் தூக்கிவந்தது என்று
அதனிடம் இனி கேட்க முடியாது.
ஏட்டு விரலால் கிளறினார்.
"வெறும் தேரி மண்ணுல்லா" என்றார்,
ஏமாந்தவர் போல, கொஞ்சம் வருத்தத்தோடும்.
பிறகு அவரே தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள
ராஜகனி மணலைச் சிந்தாமல் குழாய்க்குள் திரும்பச் சரித்தான்.
மூடி, பாலிதீன், நாடா.
ஏன் மூடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

நோட்டில் எழுதினேன்:
குழாய் 4. ஆழம் ஆறேகால் அடி.
வயது:
அங்கே பேனா நின்றது.

திங்கட்கிழமை அதை இரண்டாமாண்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன்.
புதைந்தது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு இருபது.
வயது இரண்டு நாள்.
பிழை வீச்சு, கூடினால் ஐந்து நிமிடம்.
இந்தத் துறை இதுவரை கணித்ததில்
இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் இல்லை என்றேன்.
பின்பெஞ்சில் யாரோ கைதட்டினார்கள்.

மற்ற ஆறும் என் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.
ஆய்வகக் கட்டணத்துக்கு நிதி
மார்ச்சில் வரும் என்றார்கள்.
எந்த மார்ச் என்று சொல்லவில்லை.